குழந்தைக்கு ஜப்பானியப் பெயர்: பொருள் பார்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் கையில் வரும்வரை

ஜப்பானில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதிகள், தமிழரும் ஜப்பானியரும் மணம் முடித்த குடும்பங்கள், ஊரில் இருந்துகொண்டே அனிமே பார்த்துப் பிடித்துப்போய் ஒரு ஜப்பானியப் பெயரை யோசிப்பவர்கள் என்று மூன்று வகையினருக்கும் இந்தக் கட்டுரை உதவும். மூவருக்கும் காகித வேலை வேறு வேறு. ஆனால் இடறும் இடம் ஒன்றுதான். பெயரை ஆங்கில எழுத்தில் கூகிளில் தட்டி, ‘பொருள்: ஒளி’ என்று வந்ததும் சரியென்று முடிவு செய்துவிடுகிறார்கள். பொருள், வெளிநாட்டில் அந்தப் பெயருக்கு இருக்கும் மவுசு, அரசுத் தாளில் ஏறப்போகும் எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. முதல் ஐந்து படிகளை ஏழாம் எட்டாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

1. முதலில் ஒலியை மட்டும் முடிவு செய்யுங்கள்

பெயரைக் குறைந்தது மூன்று வாய்களில் சொல்லிப் பாருங்கள்: ஜப்பானியர் வாயில், ஊரிலிருக்கும் தாத்தா பாட்டி வாயில், ஆங்கிலம் பேசுபவர் வாயில்.

ரின் என்பது ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தமான பெயர்களில் ஒன்று. கம்பீரம், தெளிவு என்ற பொருள் தரும் எழுத்தில் அதை எழுதுவார்கள். நம் ஊரில் அது துணி சோப்பு. ஆயா என்ற பெயரை விளக்கவே வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விடமாட்டார்கள். காய் என்பதற்குக் கடல் என்று பொருள் வரும்படி எழுதலாம், ஹவாய் மொழியிலும் அதற்குக் கடல் என்றே பொருள். ஆனால் தமிழில் அது கையாகவோ காயாகவோதான் காதில் விழும். அன்பு என்ற அழகான எழுத்தில் எழுதப்படும் அய் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து. இன்றைக்கு அதைப் பார்ப்பவர்கள் செயற்கை நுண்ணறிவு என்றே படிப்பார்கள்.

சில பெயர்கள் எல்லாப் பக்கமும் பொருந்தும். மாரி, மாயா, மீனா போன்றவை ஜப்பானிலும் இருக்கின்றன, நமக்கும் புதிதல்ல. ஹனா ஜப்பானில் மலர், அரபியில் மகிழ்ச்சி. நவோமி ஜப்பானியப் பெயராகவும் எபிரேயப் பெயராகவும் தனித்தனியே பிறந்தது. தமிழ் விவிலியத்தில் ரூத்தின் மாமியார் நகோமியாக வருவது இந்தப் பெயர்தான்.

இன்னொரு சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. அகிரா என்று எழுதினால் நாம் ‘ககர’த்தை மென்மையாகத்தான் படிப்போம். ஜப்பானிய ஒலி வல்லினம். அக்கிரா என்று எழுதினால் வல்லினம் வந்துவிடும், ஆனால் ஜப்பானியரின் காதுக்கு அழுத்தம் கூடிப்போகும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலும் வரும்.

திரும்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். தமிழ்ப் பெயர் ஒன்றைச் சேர்த்து வைப்பவர்கள் அதை ஜப்பானியக் காதில் சோதிக்க வேண்டும். வெளிநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் எழுதும் ஒலியெழுத்தான கதகானாவில் ‘ல’வும் ‘ர’வும் ஒன்றுதான். நிலா அங்கே நிரா ஆகிவிடும், அது சமையலுக்குப் போடும் பூண்டு வாசனைக் கீரையின் பெயர். உமா என்றால் குதிரை.

2. பொருளை எழுத்தில் தேடுங்கள், ஒலியில் அல்ல

பெயர் வைக்கும் தளங்கள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். ஜப்பானியப் பெயரின் பொருளை அதன் காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த பொருள் தரும் எழுத்துதான் தரும். அகிரா என்று ஒற்றை எழுத்தில் படிக்கக்கூடிய காஞ்சிகள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. இயக்குநர் குரோசாவாவும் ஓவியர் தொரியாமாவும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தியவர்கள்: சூரியனும் நிலவும் அருகருகே நிற்கும் எழுத்து, பொருள் வெளிச்சம். வேறொரு அகிராவுக்கு அறிவுக்கூர்மை என்று பொருள் வரும், இன்னொன்றுக்கு விடியல். நடிகர் கென் வத்தனாபேயின் கென் பணிவைக் குறிக்கிறது, கென் தகாகுராவின் கென் உடல்நலத்தை.

ஆகவே ‘இந்தப் பெயருக்கு என்ன பொருள்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இந்த ஒலிக்கு எந்தெந்த எழுத்துகள் உண்டு, அவற்றில் எது வேண்டும்’ என்று கேளுங்கள். ஒலியை மட்டும் காட்டும் ஹிராகனா எழுத்தில் எழுதினால் குறிப்பிட்ட பொருள் எதுவும் நிற்காது, அதுவும் செல்லும். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவின் பெயர் அப்படி ஹிராகனாவில்தான் எழுதப்படுகிறது.

அகிராவுக்கு சமஸ்கிருதத்தில் ‘அழகிய வலிமை’ என்று பொருள் என ஒரு செய்தி இந்தியத் தளங்களில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். அப்படி ஒரு வேர்ச்சொல் அங்கே இல்லை. ஒரு தளத்திலிருந்து மற்றொன்று நகலெடுத்து வந்த சரக்கு அது. இரண்டு ஜப்பானிய அகராதிகளில் காணாத பொருளை அழைப்பிதழில் அச்சடிக்க வேண்டாம்.

3. வெளிநாட்டில் எவ்வளவு பிரபலம் என்று எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தருகிறது. ஓர் ஆண்டில் ஒரு பாலினத்தில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயர் அதில் இருக்கும். இணையத்தில் முதல் ஆயிரம்தான் தெரியும், முழுப் பட்டியலைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம்; அங்கே வரம்பு 3 குழந்தைகள். பிரான்சுக்கு இன்ஸே நிறுவனம்.

ஜப்பானில் இப்படி அரசுப் பட்டியல் கிடையாது. ஆண்டு இறுதியில் செய்திகளில் வருவது மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் பெனெஸ்ஸே நிறுவனத்தின் தமஹியோ என்ற குழந்தை வளர்ப்புச் சேவையும் தங்கள் வாடிக்கையாளர்களை வைத்து எடுக்கும் கணக்கு. அதிலும் எழுத்துப் பட்டியல் வேறு, வாசிப்புப் பட்டியல் வேறு. ஹருதோ என்ற வாசிப்பு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. ஆனால் அதை எழுதும் விதங்கள் பல என்பதால், எழுத்துப் பட்டியலில் அது சிதறிக் கிடக்கும்.

இந்தக் கணக்குகளைப் படிக்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

முதலாவது, இவை எழுத்துக்கூட்டலை எண்ணுகின்றன, மூலத்தை அல்ல. அமெரிக்காவில் நவோமி மேலே இருப்பதற்கு முக்கியக் காரணம் விவிலியம், ஜப்பான் அல்ல. காய், மியா, எம்மா எல்லாம் இதே கதைதான்.

இரண்டாவது, பாலினம் இடம் மாறும். அகிரா ஜப்பானில் பெரும்பாலும் ஆண் பெயர். அமெரிக்காவில் ஆண், பெண் இரு பட்டியல்களிலும் இருக்கிறது. ‘ஆ’ என்று முடிவதால் இந்தியாவிலும் பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். யூரி ஜப்பானில் லில்லி மலரைக் குறிக்கும் பெண் பெயர், ரஷ்யாவில் ஆண் பெயர்.

மூன்றாவது, வயது. வெளிநாட்டில் இளமையாக ஒலிக்கும் பெயர் ஜப்பானில் தாத்தா பெயராக இருக்கலாம். கென்ஸோதான் இதற்கு நல்ல உதாரணம். ஆடை வடிவமைப்பாளர் தகாதா கென்ஸோ 1970ல் பாரிஸில் கடை திறந்தார். அந்தப் பெயர் பின்னாளில் பிரெஞ்சுப் பையன்களுக்கு வைக்கும் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே ஏற்கெனவே பிரபலமாக இருந்த என்ஸோவோடு ஒலி ஒத்துப்போனதும் உதவியிருக்கும். அவருடைய காஞ்சியில் இருப்பதோ ‘அறிவாளி’ என்ற எழுத்தும் ‘மூன்று’ என்ற எண்ணும். மூன்றாம் மகனுக்கு வைக்கும் பழைய பாணி அது. இன்று தோக்கியோவில் ஒரு மழலையர் பள்ளியில் கென்ஸோ என்று கூப்பிட்டால் ஆசிரியை ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். ‘கோ’ என்று முடியும் பெண் பெயர்களும் (யோக்கோ, கெய்க்கோ) அதே தலைமுறையைச் சேர்ந்தவை. வைக்கக் கூடாது என்பதில்லை. தெரிந்து வையுங்கள்.

4. காஞ்சியும் ஃபுரிகானாவும் (ஜப்பானியக் குடியுரிமை பெறும் குழந்தைக்கு மட்டும்)

பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். உங்கள் குழந்தைக்குக் கோசெக்கி, அதாவது ஜப்பானியக் குடும்பப் பதிவேடு கிடையாது. பிறப்புப் படிவத்தில் பெயர் கதகானாவிலும் ஆங்கில எழுத்திலும்தான் ஏறும். நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த காஞ்சி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள மட்டும்தான்.

பெற்றோரில் ஒருவர் ஜப்பானியர் என்றால், பெயருக்கு அனுமதிக்கப்பட்ட எழுத்துகள்: பொதுப் பயன்பாட்டுக் காஞ்சி 2,136, பெயருக்கென்றே சேர்த்த காஞ்சி 863, இவற்றோடு ஹிராகனாவும் கதகானாவும். ஆங்கில எழுத்து கூடாது. நடுப்பெயருக்கும் கட்டம் இல்லை. கென் குமார் என்று வைக்க விரும்பினால் கென்குமார் என ஒரே பெயராக ஒட்டிக்கொள்ளும். எழுத்து அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று நீதி அமைச்சகத்தின் கோசெக்கி எழுத்துத் தேடல் தளத்தில் பாருங்கள். பட்டியலில் இருப்பதாலேயே பெயருக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. சாவு, நோய் என்ற எழுத்துகளும் அந்த 2,136க்குள்தான் இருக்கின்றன. முடிவு செய்த எழுத்தை ஒரு ஜப்பானியரிடம் காட்டி, ‘இதை எப்படிப் படிப்பீர்கள்’ என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் முதலில் படித்துக் காட்டாதீர்கள்.

26 மே 2025 முதல் பெயரின் வாசிப்பும், அதாவது ஃபுரிகானாவும், கோசெக்கியில் ஏறுகிறது. வாசிப்பு அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். அமைச்சகமே தந்திருக்கும் உதாரணங்கள் இவை: ‘உயரம்’ என்ற எழுத்தை எழுதி ‘தாழ்வு’ என்று படிக்க முடியாது, தாரோ என்று எழுதி ஜிரோ என்று படிக்க முடியாது, தாரோ என்று எழுதி மைக்கேல் என்றும் முடியாது. ஆகவே, தமிழ்ப் பெயர் ஒன்றை வைத்து அதன் பொருளுக்கு மட்டும் ஒத்த காஞ்சியை மாட்டும் திட்டம் இருந்தால் கவனம். ‘உண்மை’ என்ற எழுத்தை எழுதி சத்யா என்று படிக்கச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள், நிராகரிக்கவும் கூடும். ஒலிக்கு ஒலி பொருந்தும் எழுத்துகளைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் கதகானாவே போதும். சந்தேகம் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே வார்டு ஆபீஸின் கோசெக்கிப் பிரிவில் காட்டிக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

5. ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே பூட்டுங்கள்

வெளிநாட்டில் வாழ்நாள் முழுக்கப் பயன்படப்போவது இதுதான். ஜப்பானியப் பாஸ்போர்ட் ஹெப்பர்ன் முறைப்படி, அதாவது ஜப்பானிய ஒலியை ஆங்கில எழுத்தில் தரும் முறைப்படி எழுதும். அதன் விளைவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெடில் காணாமல் போகும். பனியைக் குறிக்கும் யுக்கியும், முதல் எழுத்து நீளும் யூக்கியும் பாஸ்போர்ட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். கென்ஸோவின் கடைசி ஓகாரத்துக்கும் தனிக் குறி வராது. வேண்டுமானால் ஓகார நெடிலுக்கு மட்டும் கடைசியில் ஓர் ‘ஹெச்’ சேர்க்கக் கேட்கலாம். ‘ப’, ‘ம’ ஒலிகளுக்கு முன்னால் வரும் ‘ன்’ ‘எம்’ எழுத்தாக மாறும். ‘எல்’ எழுத்தே வராது, லிசா ‘ஆர்’ எழுத்தில்தான் தொடங்குவாள். ஜார்ஜ் என்று நினைத்துக் கதகானாவில் எழுதினால் பாஸ்போர்ட்டில் ஜோஜி என்று வந்து நிற்பான்.

வேறு எழுத்துக்கூட்டல் வேண்டுமென்றால் முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே, ஹெப்பர்ன் அல்லாத எழுத்துக்கூட்டலுக்கான தனிப் படிவத்தோடு ஆதாரம் தர வேண்டும். வெளிநாட்டுப் பெற்றோரின் பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ் போன்றவை அதற்கு உதவும். முதல் பாஸ்போர்ட்டில் ஏறியதைப் பிறகு மாற்றுவது பொதுவாக முடியாது. அடைப்புக்குறிக்குள் மாற்றுப் பெயர் சேர்த்துத் தருவார்களே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அடைப்புக்குறிப் பெயர் சிப்பிலும், இயந்திரம் படிக்கும் வரியிலும் இருக்காது. விமான டிக்கெட்டில் அந்தப் பெயரைப் போட்டால் கவுண்டரில் நிறுத்துவார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு வேறு பொறி. ஜப்பானில் எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயர், பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. குழந்தைக்கும் அப்படியே விட்டால் வங்கி, மருத்துவமனை, பள்ளி எல்லா இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயராக வைத்து இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள்.

கடைசியில் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: ஆங்கிலப் பெரிய எழுத்தில், கதகானாவில், காஞ்சி இருந்தால் காஞ்சியில், தமிழில். அதை போஷி தெச்சோவுக்குள், அதாவது தாய்சேய் நலக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அதைப் பார்த்து மட்டும் எழுதுங்கள்.

6. 14 நாள்: பிறப்புப் பதிவு

படிவத்தின் பெயர் ஷுஸ்ஸெய் தொதொகெ. ஒரே தாளின் வலப்பாதி மருத்துவரோ மருத்துவச்சியோ நிரப்பும் பிறப்புச் சான்று, இடப்பாதி நீங்கள் நிரப்புவது. மருத்துவமனையிலேயே தருவார்கள்.

கெடு 14 நாள், பிறந்த நாளும் கணக்கில் சேரும். 1ஆம் தேதி பிறந்தால் 14ஆம் தேதி கடைசி. அன்று அலுவலக விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். காரணமில்லாமல் தாமதித்தால் 50,000 யென் வரை தண்டம் விதிக்கலாம். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே பதிவு செய்து, பிறகு நிறைவுப் படிவம் கொடுக்க வழி உண்டு. ஆனால் கோசெக்கியில் அந்தத் தடம் தங்கிவிடும், அதனால் முடிந்தவரை தவிர்க்கலாம்.

எடுத்துப்போக வேண்டியவை: படிவம், போஷி தெச்சோ, பெற்றோரின் ஸைரியூ கார்டு (வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டை) அல்லது அடையாள அட்டை, பாஸ்போர்ட். கையெழுத்துக்குப் பதில் குத்தும் பெயர் முத்திரை இப்போது கட்டாயமில்லை. இந்தியப் பெற்றோர் ‘ஹோன்செக்கி’ (கோசெக்கி இருக்கும் முகவரி) கட்டத்தில் ஊர் முகவரி எழுத வேண்டாம், நாட்டின் பெயர் போதும். பிறந்த தேதிகளை மேற்கத்திய ஆண்டில் எழுதலாம். கதகானாப் பெயருக்குப் பக்கத்திலேயே ஆங்கில எழுத்திலும் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்தடுத்த தாள்களில் யாராவது தங்களுக்குத் தோன்றியபடி எழுத்துக்கூட்டுவார்கள். அங்கிருந்துதான் பெயர் இரண்டாகப் பிரியும்.

பதிவு இலவசம். முடிந்ததும் ‘ஏற்புச் சான்றிதழ்’ ஒன்று 350 யென். குறைந்தது மூன்று பிரதி வாங்குங்கள். கூடவே குடும்பம் முழுவதும் அடங்கிய ஜூமின்ஹ்யோ, அதாவது வசிப்பிடப் பதிவுச் சான்று. கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், 300 யென் அளவில் இருக்கும். குழந்தை உதவித்தொகைக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். பிறந்த மறுநாளிலிருந்து 15 நாளுக்குள் கொடுத்தால்தான் மாதம் தவறாமல் கிடைக்கும். மூன்று வயதுவரை முதல், இரண்டாம் குழந்தைக்கு மாதம் 15,000 யென்.

ஜப்பானியக் குடியுரிமையும் உள்ள குழந்தை இந்தியாவில் பிறந்தால், கெடு 3 மாதம். பிறப்பிலேயே வேறு நாட்டுக் குடியுரிமையும் வந்திருந்தால், அந்த 3 மாதத்துக்குள் ‘குடியுரிமையைத் தக்கவைக்கிறேன்’ என்ற கட்டத்திலும் கையெழுத்திட வேண்டும். தவறினால் ஜப்பானியக் குடியுரிமையே போய்விடும். சென்னையில் ஜப்பானியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

7. 30 நாளும் ஒரு வருடமும்: இந்தியப் பெற்றோருக்கு

ஜப்பானில் பிறந்த இந்தியக் குழந்தை விசா இல்லாமல் 60 நாள் இருக்கலாம். அதற்கு மேல் தங்குவதென்றால், பிறந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. பிறப்புச் சான்று, ஜூமின்ஹ்யோ, பெற்றோரின் கார்டு, வேலை மற்றும் வரிச் சான்றுகள் கேட்பார்கள். குழந்தையின் பாஸ்போர்ட் அதற்குள் வந்திருக்காது. வரவில்லை என்று காரணம் எழுதிக் கொடுத்து விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். கார்டில் ஏறிய பெயரும் பின்னால் வரும் பாஸ்போர்ட்டும் வேறுபட்டால், 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் திருத்தம் தர வேண்டியிருக்கும்.

தோக்கியோ இந்தியத் தூதரகத்திலோ ஒசாகா-கோபே துணைத் தூதரகத்திலோ பிறந்து ஓர் ஆண்டுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். ஜப்பானியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்ட குழந்தைக்கு இந்த வழி மூடிவிடும். அவர்களுக்கு ஓசிஐ, அதாவது வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைதான். அதில் பெயர் ஜப்பானியப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும். ஐந்தாம் படியை அவசரமாகத் தாண்டியவர்கள் இங்கே வந்துதான் விழிப்பார்கள்.

ஜப்பானிய அரசுத் தாளை இந்தியாவில் காட்ட அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்றொப்பம் தேவைப்பட்டால், ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் இலவசமாகவே போட்டுத்தரும். தாள் வழங்கி 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

8. தமிழ்நாட்டிலேயே பதிவு செய்பவர்களுக்கு

வேலை எளிது. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. தமிழ் எழுத்துக்கூட்டலை நீங்களே எழுதிக் கொடுங்கள். கணினியில் தட்டுபவரிடம் வாயால் சொன்னால் கென்ஸோ கெஞ்சோவாகத் திரும்பி வரலாம். அச்செடுக்கும் முன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

9. பெயர் தவறாகப் போய்விட்டால்

ஜப்பானியக் குடியுரிமையுள்ள குழந்தையின் பெயரை மாற்றக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மனுவுக்கு 800 யென் வருவாய் முத்திரையும் நீதிமன்றம் கேட்கும் தபால் செலவும். 15 வயதுக்குக் கீழ் பெற்றோர் மனுச் செய்வார்கள், அதற்கு மேல் பிள்ளையே செய்யலாம். செலவு சிறியதுதான், ஆனால் ‘நியாயமான காரணம்’ காட்ட வேண்டும். ‘இப்போது பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது. வேறொரு பெயரை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதற்குச் சான்று இருந்தால் மனு வலுவாகும். எனவே பள்ளிக் கடிதங்கள், மருத்துவமனை அட்டைகள், புதிய பெயருக்கு வந்த தபால் உறைகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.